மழைக்காலச் சலுகை

மும்பையில் ஆடி மாதத்தில் யார் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள் என்ற இடத்தில்தான் கமலவேணியின் யோசனை திரும்பத் திரும்ப வந்து முட்டிக்கொண்டு நின்றது. மணி இரண்டரை. சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மகன் வாட்ஸப்பில் அனுப்பியிருந்த மூன்று ஓட்டல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "மழைக்கால ஆஃபர்ங்மா, இன்னைக்கு ஆறு மணியோட முடியுது, உங்களுக்கும் அப்பாவுக்கும் எது புடிச்சிருக்குதோ சொல்லுங்க, நான் போட்டர்றேன்" என்று சசிதரன் காலையில் சொன்னான். நான்கு நாள் சுற்றுலா. ரயில் வேண்டாமாம், விமானமாம், கோயமுத்தூரில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாமாம். எல்லாம் சரி. ஆறு வருஷமாக அந்த ஊரில் குடியிருக்கிற மகனுக்குப் பன்னிரண்டாவது மாடியில் இரண்டு படுக்கையறையோடு வீடு இருக்கும்போது பெற்றவர்கள் எதற்கு ஓட்டலில் தங்க வேண்டும்? அதற்குத்தான் பெயின்ட். "வீட்ல பெயின்ட் வேலை நடக்குதுங்மா, அந்த வாசம் அப்பாவுக்கு ஆகாது." மழைக்கால ஆஃபர் என்று சொன்ன அதே வாயால், அதே மூச்சில். மழை கொட்டுகிற ஊரில் சுவர் எப்படிக் காயும் என்று ஒரு கணமாவது யோசித்திருப்பானா? பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. சின்ன வயதிலும் அப்படித்தான், பல் விளக்காத அன்றைக்குத்தான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டுவான்.

அவளிடம் போய்ப் பொய் சொல்லலாமா. முப்பத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவள், அதில் முதல் பத்து வருஷம் வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துவிடுகிற டிரங்க் போர்டில். அடுத்தவர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி. லைன் சேர்ந்ததா, அறுந்ததா என்று பார்க்கக் காதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது வேலை. இரண்டுக்கும் நடுவில் ஈரோடு ஊரே அவள் காது வழியாகப் போய் வந்தது. துணி விலை, மஞ்சள் விலை, பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதில், திருப்பூரில் ஒரு குடும்பமும் பவானியில் ஒரு குடும்பமும் வைத்திருந்த ஒரு மனுஷர். சாவுச் சேதி சொல்கிறவர்கள் முதலில் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். பொய் சொல்கிறவர்கள் நடுவில் மூச்சு விட மாட்டார்கள், விட்டால் எதிராளி கேள்வி கேட்டுவிடுவான் என்ற பயம். சசி காலையில் மூச்சு விடாமல்தான் பேசினான். ஆஃபர், விமானம், பெயின்ட், வாசம், அப்பா. ஒரே இழுப்பில். அப்புறம் "சாப்டாச்சுங்களாம்மா" என்றான். சீச்சீ, இது டிரங்க் போர்டு இல்லை. அம்மாவிடம் சாப்பிட்டாச்சா என்று ஒரு பிள்ளை கேட்கக் கூடாதா. கேட்கலாம். ஆனால் எட்டரை மணிக்கு, அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எதற்குக் கேட்டான்.

முதல் ஓட்டலைத் திறந்தாள். மூன்றின் பெயர்களும் வாயில் நுழையவில்லை, அதனால் அவளாக வேறு பெயர் வைத்துக்கொண்டாள். இது கண்ணாடி ஓட்டல். பூட்டிக் ஓட்டல் என்று போட்டிருந்தது. ஈரோட்டில் பூட்டிக் என்றால் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிற கடை. ஓட்டலுக்கு என்ன ஆரி வேலை என்று பார்த்தால், கட்டில் தரையோடு தரையாக, தலைமாட்டில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம், விளக்கெல்லாம் கூடைக்குள். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே சுவர் கிடையாது, முழுக்கக் கண்ணாடி. உள்ளே குளிக்கிறவரைக் கட்டிலில் படுத்திருப்பவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் சென்னியப்பன் துண்டில்லாமல் குளியலறையை விட்டு வெளியே வந்ததில்லை. சரி, திரை இருக்கும். திரை இருக்கிறதா என்று விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த மூலையை மட்டும் காட்டாமல் விட்டிருந்தார்கள். எந்த மூலையைக் காட்டவில்லையோ அங்கேதான் சங்கதி இருக்கும். மருமகள் மிருதுளாவுக்கு இப்படிப்பட்ட இடம் பிடிக்கும். இது அவள் தேர்ந்தெடுத்ததாக இருக்குமோ. அத்தையும் மாமாவும் வரட்டும், ஆனால் இங்கே வேண்டாம், எங்கேயாவது அழகான இடமாகப் பார்த்து இறக்கிவிடுங்கள் என்று சொல்லியிருப்பாள். சத்தம் போட்டுச் சொல்லியிருக்க மாட்டாள், அவள் சத்தம் போடுகிறவள் இல்லை. சத்தம் போடாதவர்கள் சொல்வதைத்தான் தட்ட முடியாது.

அப்படித்தான் இருக்கும். நாலு வருஷத்துக்கு முன்னால் பதினொரு நாள் அந்த வீட்டில் இருந்தார்களே, அந்தப் பதினொரு நாளில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் கமலவேணி சொல்வாள். காபி டம்ளரை எடுக்க ஒவ்வொரு தடவையும் எம்ப வேண்டியிருக்கிறதே என்று அலமாரியை மாற்றி அடுக்கினாள். கறுப்புத் தோசைக்கல் ஒன்றைக் கம்பி நார் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தாள், அப்புறம்தான் தெரிந்தது அதைத் தேய்க்கவே கூடாதென்று. மிருதுளா அந்தக் கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைங்க அத்தை" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயங்காலம் லிஃப்டில் கூட வந்த பாலக்காட்டு அம்மாளிடம், ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லை என்று கமலவேணி சொல்லும்போது மிருதுளா பக்கத்தில்தான் நின்றாள். லிஃப்டில் மாடி எண்கள் ஒவ்வொன்றாக மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு, ஒன்பது, பத்து. அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமை போனில் கமலவேணி கேட்காமல் இருந்ததில்லை. நேரடியாகக் கேட்க மாட்டாள். உடம்பு எப்படி இருக்குது கண்ணு, மாசா மாசம் ஒழுங்கா வருதா. அக்கறையாகத்தானே கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டேன் என்று இப்போது ஹாலில் யாரும் இல்லாத இடத்தில் சொல்லிக்கொண்டபோது அது எக்ஸ்சேஞ்சில் யாரோ மூச்சு விடாமல் பேசுகிற மாதிரி அவள் காதுக்கே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மிருதுளாவோடு பேசிக் கடைசியாக எப்போது? போன வாரம் மீட்டிங்கில் இருக்கிறாள் என்றான். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங். அதற்கு முந்தின வாரம் குளிக்கிறாள். அதற்கு முந்தி தூங்குகிறாள். சித்திரை ஒன்றாம் தேதி போனில் ஒரு கனித்தட்டுப் படம் அனுப்பியிருந்தாள், அதற்கு இவள் ஒரு கும்பிடு போட்டாள். அதற்கு முன்னால்? பங்குனியா? ஞாபகத்துக்கு வரவில்லை. நாலு மாதமாக மருமகளின் குரல் காதில் விழவில்லை என்பதை இன்றைக்குத்தான், ஒரு ஓட்டலுக்குத் திரை இருக்கிறதா என்று தேடும்போதுதான் எண்ணிப் பார்க்கிறோம் என்பது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைத் தள்ளிவிட்டு உடனே கோபம் வந்தது. பேச வேண்டியவள் அவள்தானே.

இரண்டாவது, மரப்படி ஓட்டல். நூறு வருஷத்துப் பங்களாவை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். ரங்கராட்டினம் மாதிரி சுழன்று ஏறுகிற மரப்படி, அதன் கைப்பிடியில் பித்தளைக் குமிழ்கள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூவின் பெயர். சென்னியப்பனின் வலது முழங்கால் அந்தப் படியை ஏறாது. மகனுக்கு அது தெரியும், போன பொங்கலுக்கு வந்தபோது அவன்தான் தைலம் வாங்கி வந்தான். தெரிந்தும் இதை ஏன் அனுப்பினான்? சும்மா மூன்று இருக்கட்டும் என்று கணக்குக்குச் சேர்த்திருப்பானோ. பெண் பார்க்கிற வீட்டில் தரகர் மூன்று ஜாதகம் கொண்டுவருவார், இரண்டு சும்மா, ஒன்றுதான் அவர் நினைத்தது. அப்படியானால் இவன் நினைத்தது எது. கீழே தங்கிப் போனவர்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். சேவை மிக அருமை, உணவு மிக அருமை, இடம் மிக அருமை. எல்லாரும் ஒரே ஆள் எழுதின மாதிரி. நல்லதாக எழுதினவர்களை அவள் நம்பவில்லை, திட்டியிருந்தவர்களைத் தேடிப் போனாள். ஒருத்தர் எறும்பு என்றார், ஒருத்தர் தோசை பச்சையாக இருந்தது என்றார், மும்பை போய் எதற்குத் தோசை தின்றாரோ. ஒரு பெண், பெயர் போடவில்லை, பக்கத்து அறையில் பேசுவதெல்லாம் கேட்கிறது, ராத்திரி முழுக்க யாரோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருந்தாள். கமலவேணி அதை இரண்டு தடவை படித்தாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் சென்னியப்பனிடம் கேட்டுத்தான் பார்த்தாள். அவர் பரணிலிருந்து பெரிய சூட்கேஸை இறக்கித் துடைத்து வெயிலில் பிளந்து வைத்துக்கொண்டிருந்தார். போக்குவரத்துக் கழகத்தில் பணிமனை இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், எதைத் துடைத்தாலும் பஸ் துடைக்கிற மாதிரி துடைப்பார்.

"ஏனுங்க, அவன் வீட்டை வெச்சுக்கிட்டு எதுக்கு நம்மள ஓட்டல்ல தங்கச் சொல்றான்?"

"பெயின்ட் அடிக்கிறாங்கன்னு சொன்னானே."

"மழையிலயா?"

அவர் சூட்கேஸின் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். "உள்பக்கம் அடிப்பாங்களா இருக்கும். எதாச்சும் ஒண்ணச் சொல்லு புள்ள. பையன் ஆசையாக் கூப்புடறான்."

அதோடு முடித்துக்கொண்டார். அந்த மனுஷர் ஒரு பக்கெட் வாங்குவதென்றால் மூன்று கடை ஏறி இறங்குவார். நாலு நாள் ஓட்டல், விமானம், இதற்கு ஒரு கேள்வி கூட இல்லை. சாப்பிட்டவர் உடனே உள்ளறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். அவரும் கூட்டா? அப்பனும் மகனும் சேர்ந்து எதையாவது... இல்லை, அவருக்கு எதையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாது. தெரிந்தால் அன்றைக்கே முகத்தில் வந்துவிடும். அவரை விட்டுவிட்டு யோசனை திரும்பவும் பெயின்டுக்கு வந்தது.

மூன்றாவது மஞ்சள் ஓட்டல். பழைய கடைத்தெரு ஒன்றில் ஒடுக்கமாக நாலு மாடி, முகப்பு முழுக்க மஞ்சள், பச்சை ஜன்னல். அறை சின்னது. மொட்டைமாடியில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சேலை அகலத்துக்குக் கடல். லிஃப்ட் உண்டு. மூன்றில் இது ஒன்றுதான் கீழே நேரடி போன் நம்பரைப் போட்டிருந்தது. நம்பரைப் பார்த்ததும் கமலவேணிக்குக் கை பரபரத்தது. படத்தைப் பார்த்து என்ன தெரியும், குரலைக் கேட்டால் இடம் தெரிந்துவிடும். நேரம் மூன்றே முக்கால். உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து நம்பரைப் போட்டாள். நாலாவது மணியில் எடுத்தார்கள். இங்கிலீஷில் ஆரம்பித்தாள், பழைய ஆபரேட்டர் இங்கிலீஷ், இரண்டாவது வாக்கியத்திலேயே அந்தப் பக்கம் நிறுத்தினார்.

"மேடம் தமிழா? எந்த ஊரு?"

"ஈரோடுங்க."

"நமக்குத் திருநெல்வேலிப் பக்கம். அப்பா காலத்துலயே தாராவிக்கு வந்தாச்சு. ரிசப்ஷன்ல இசக்கி பேசுதேன், சொல்லுங்க."

குரலில் ஒளிவு இல்லை. பின்னால் மழை பெய்கிற சத்தம், யாரோ நனைந்த குடையை உதறுகிற சத்தம். அவளுக்கு மனசு கொஞ்சம் இறங்கியது. மகன் மும்பையில் இருக்கிறான், எங்களுக்கு ரூம் பார்க்கிறான், அதுதான் எப்படி இருக்கும் என்று கேட்கலாமென... என்று இழுத்தாள். பெயர் கேட்டார், சசிதரன் என்றாள்.

"ஓ, சசி சாரா? ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்து பாத்துட்டுப் போனாரே. அம்மா அப்பா வாராங்கன்னு சொன்னாரு. மூணாவது மாடி ரூமைக் குறிச்சு வச்சிருக்கேன். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள உறுதி பண்ணுதேன்னாரு. எக்ஸ்ட்ரா பெட்டுஞ் சொல்லியிருக்காரு. மூணு பேரு."

"நாலு பேர் இல்லைங்களா?"

"இல்ல மேடம், மூணுதான். ரெண்டு வாட்டி கேட்டுத்தான் எழுதினேன்." கொஞ்சம் சிரித்தார். "வேற எல்லாரும் ஏசி ஓடுதா, வைஃபை வருதான்னு பாப்பாங்க. சார் என்னடான்னா சுவத்தைத் தட்டித் தட்டிப் பாத்தாரு. உள்ள பேசினா அடுத்த ரூமுக்குக் கேக்குமான்னாரு. பழைய காலத்துச் சுவரு சார், ஒரு முழம் கனம், குண்டு வச்சாலும் கேக்காதுன்னேன்."

நன்றி சொல்லி வைத்தாளா, சொல்லாமலே வைத்தாளா தெரியவில்லை. மூணு பேர். போன் மடியில் கிடந்தது. ஃபேன் காற்றில் காலண்டர் தாள் எழுந்து எழுந்து விழுந்தது. மூணு பேர் என்றால் சசி எங்களோடு படுத்துக்கொள்கிறான். பெயின்ட் வாசத்தில் மிருதுளா மட்டும் தனியாகவா இருப்பாள். இல்லை அவளுக்கு வேறு இடமா. இல்லை அவளே, அவளுக்கே ஏதாவது, நாலு மாதமாகக் குரல் இல்லை, மீட்டிங் குளிக்கிறாள் தூங்குகிறாள், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவளைத்தான் தூங்குகிறாள் என்று சொல்வார்கள். அந்த ஊரில் பெரிய பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, நம் பக்கத்து ஆட்கள் மஞ்சள் பையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அங்கேதான் போகிறார்கள். அல்லது அவனுக்கே. அவனுக்கா. பொங்கலுக்கு வந்தபோது மெலிந்திருந்தான், டயட் என்றான். சுவரைத் தட்டிப் பார்த்திருக்கிறான். விரல் முட்டியால் சுவரைத் தட்டுகிற பிள்ளையை அவளுக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருந்தது, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காதைச் சுவரில் வைத்து. அழுதால் வெளியில் கேட்காத இடமாகத் தேடியிருக்கிறான். கண்ணாடி ஓட்டலும் மரப்படி ஓட்டலும் கணக்குக்குத்தான். ஒரு முழம் சுவருக்கு நடுவில் எங்கள் இருவரையும் உட்கார வைத்து எதையோ சொல்லப் போகிறான், அதற்குத்தான் விமானமும் கடலும். என்ன அது. என்னவாக இருந்தாலும் அதைத் தெரியாமல் அந்த மஞ்சள் கட்டடத்துக்குள் காலை வைக்க முடியாது, வாசலிலேயே விழுந்துவிடுவாள்.

மிருதுளாவின் நம்பரை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். எடுக்காவிட்டால் ஒரு பயம். வேறு யாராவது எடுத்தால் இன்னொரு பயம். அமுக்கினாள். இரண்டாவது மணியிலேயே, "அத்தை" என்று கேட்டது. உயிரோடு, ஜலதோஷம் கூட இல்லாமல் தெளிவாக. பதில் சொல்வதற்குள் கமலவேணியின் காது தன் வேலையைப் பார்த்தது. மழை இல்லை. மும்பையின் ஆரன் இல்லை. காற்று, ஓங்கி அடிக்கிற ஆடிக் காற்று, அதில் தென்னை ஓலைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற சத்தம். பன்னிரண்டாவது மாடியில் ஏது தென்னை. மிருதுளாவின் அம்மா வீடு பொள்ளாச்சியில் தோப்புக்குள் இருந்தது.

"கண்ணு, பொள்ளாச்சியிலயா இருக்கற?"

"அவர் இன்னும் சொல்லலைங்களா அத்தை?"

"என்னத்தச் சொல்லல?"

"பங்குனியிலயே வந்துட்டேங்க. நாலு மாசமாச்சு. இங்கிருந்தேதான் ஆபீஸ் வேலை பாக்கறேன். நேர்ல பாத்துச் சொல்லோணும், போன்ல சொன்னாத் தாங்க மாட்டாங்கன்னு அவர்தான் சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். அந்த வீட்டை அவரும் காலி பண்ணியாச்சு, இப்ப ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூம் எடுத்து இருக்காரு."

ஆடிக்குப் பிறந்த வீட்டுக்குப் போகிற புதுப்பெண்ணா என்ன, நாலு மாதம். கமலவேணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மதியத்திலிருந்து சுற்றிச் சுற்றி வந்த கேள்வி, பெயின்டையும் கண்ணாடியையும் மரப்படியையும் சுற்றி வந்தாலும் அடியில் இதுவாகத்தான் இருந்த கேள்வி, தானாக வாயில் வந்தது.

"என்னாலயா சாமி?"

மிருதுளா யோசித்துத்தான் சொன்னாள், மூச்சு விட்டு, நிறுத்தி நிறுத்தி. "உங்களாலன்னு சொல்லிட்டா எங்களுக்குச் சுலபமா இருக்குங்க அத்தை. நீங்க கேக்கறது எனக்குப் புடிக்காதுதான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் அடிச்சாவே எடுக்கலாமா வேண்டாமான்னு பாத்துக்கிட்டே நிப்பேன். ஆனா அதுக்காக யாரும் வீட்டை விட்டு வந்தர்றதில்லைங்க. நாங்க ரெண்டு பேரும் பேசறது நின்னு போச்சு. சண்டை கூட இல்லை. ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் அவங்கவங்க வாடகைக்கு இருக்கற மாதிரி. சண்டை போட்டிருந்தாக்கூட சரி பண்ணியிருப்போம்."

"வக்கீலு, அது இதுன்னு..."

"ஆமாங்க. பேசியிருக்குது."

லைன் சேர்ந்து அறுகிற நேரத்தில் இரண்டு பக்கமும் ஒரு சின்ன வெறுமை கேட்கும், ஆபரேட்டருக்கு மட்டும் கேட்கும் அது. அவள் எதையோ சொன்னாள், உடம்பைப் பாத்துக்க என்றோ, சரி கண்ணு என்றோ, மிருதுளா, "வெச்சர்றேங்க அத்தை" என்றாள். வைத்துவிட்டாள்.

நாலே முக்கால். அப்புறம் ஐந்தே கால். இடையில் என்ன செய்தாள் என்றால், அடுப்படிக்குப் போய்ப் பால் பாத்திரத்தை எடுத்து வெளியே வைத்தாள், திரும்பவும் ஃபிரிட்ஜில் வைத்தாள். வெயிலில் பிளந்து கிடந்த சூட்கேஸை உள்ளே எடுத்து வந்தாள், அதன் பைக்குள் பழைய திருப்பதி ரசீது ஒன்று இருந்தது, அதை எடுத்துக் கிழிக்காமல் அங்கேயே வைத்தாள். அழுகை வரவில்லை. வராதது ஏன் என்று பார்த்தால், பயந்ததை விட இது குறைச்சல். ஆஸ்பத்திரி இல்லை, சாவு இல்லை, இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், ஒருத்தி தென்னந்தோப்பில், ஒருத்தன் ஏதோ ரூமில். அப்படி நினைத்ததற்காகவே அவளுக்குத் தன்மேல் சந்தேகம் வந்தது, நான் என்ன மாதிரி அம்மா. ஏதோ ரூம் என்றாளே, அந்த ரூமில் ஜன்னல் இருக்குமா, எங்கே சாப்பிடுகிறான், நாலு மாதமாகத் தினமும் எட்டரை மணிக்கு போன் பண்ணி என் இட்லிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நினைப்பு அங்கே வந்து நின்றபோதுதான் நெஞ்சு உடைந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்படி மேடையில் சாய்ந்து நின்றாள், உள்ளறைக்குக் கேட்கக் கூடாது. அழுது முடித்ததும் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்த ஒரு முழச் சுவருக்குள் போய் அந்தப் பிள்ளை இதைச் சொல்லத் திணறுவதை அவளால் பார்க்க முடியாது. சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லி, அழ வேண்டியதை இங்கேயே அழுது, இந்த வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். அங்கே போனால் கடலைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் சென்னியப்பனிடம் சொல்ல வேண்டும், அவர் தாங்குவாரா, மருமகளை அம்முணி அம்முணி என்று அப்படி உயிராக இருந்த மனுஷர். அதுதான் பெரிய மலையாக நின்றது.

ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சசி கூப்பிட்டான்.

"முடிவு பண்ணீட்டீங்களாம்மா?"

"அந்த மஞ்சக் கட்டடம். மூணாவது மாடி."

"மூணாவது மாடியா? உங்களுக்கு எப்படி..."

"அங்க போன் பண்ணிப் பேசினேன் கண்ணு. அப்பறம் மிருதுளாகிட்டயும் பேசினேன்."

அவன் மூச்சு கேட்டது. உள்ளே போனது, வெளியே வரவில்லை. அவள் காத்திருந்தாள். எத்தனையோ ஆயிரம் பேருக்காக லைனில் காத்திருந்திருக்கிறாள்.

"அம்மா, நானே சொல்லோணும்னுதான்..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் சாமி. அங்க வந்து பேசிக்கலாம். இல்லாட்டிப் பேசாமயே சும்மா இருக்கலாம். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

"அப்பாவுக்கு?"

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ போய் ரூமைப் போடு, மணி ஆகுது."

வைக்கும்போது அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எட்டு வயதில் உறிஞ்சின அதே சத்தம். அவள் முகம் கழுவி, திருநீறு இட்டு, வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போனாள். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார் சென்னியப்பன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டாள்.

"ஏனுங்க, எந்திரிங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

அவர் திரும்பவில்லை. தூங்கவுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் திறந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"அந்தப் புள்ள விஷயந்தானே" என்றார்.

கமலவேணியின் கை அவர் தோளிலேயே நின்றது.

"வைகாசியில காங்கேயத்துக் கல்யாணத்துக்குப் போனேனே, அங்க சம்பந்தி என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவன் நேர்ல சொல்லிக்குவான்னு இருந்துட்டேன்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீ கதவைச் சாத்திட்டுப் பேசினாலும் இந்த ரூமுக்கு எல்லாங் கேக்கும் புள்ள."

இரண்டரை மாதம். பக்கத்துக் கட்டிலில் இரண்டரை மாதம் இந்த மனுஷர் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கி எழுந்து, பால் வாங்கி, சூட்கேஸ் துடைத்திருக்கிறார். ஊரெல்லாம் கேட்ட காதுக்கு இது கேட்கவில்லை. கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, கோபம் வரவில்லை. அவர் மெல்ல எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன, அது இன்றைக்கு வீங்கினதாகத் தெரியவில்லை. அவள் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே காற்று கதவை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"அம்முணி என்ன சொன்னா?" என்று அவர் கேட்டார்.

சொன்னாள். தென்னை ஓலைச் சத்தத்திலிருந்து வக்கீல் வரைக்கும், தான் கேட்ட கேள்வியையும் அதற்கு அவள் சொன்ன பதிலையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் தலையைக் குனிந்தபடி கேட்டார்.

"நீ நல்லா இருக்கறயா கண்ணுன்னு கேட்டியா அந்தப் புள்ளைய?"

கமலவேணி யோசித்துப் பார்த்தாள். பொள்ளாச்சியிலா இருக்கிறாய் என்று கேட்டாள். என்னாலயா என்று கேட்டாள். வக்கீலைக் கேட்டாள்.

"கேக்கல" என்றாள்.

அவள் எழுந்து ஹாலுக்குப் போய்ப் போனை எடுத்து வந்து, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மறுபடியும் அந்த நம்பரைப் போட்டாள்.